அம்பேத்கர் தோற்ற கணக்கு!

ஒரு சின்ன க்விஸ். நாளைக்கு ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

''டாக்டர் அம்பேத்கர் எந்தத் தொகுதியில் ஜெயித்து லோக்சபாவுக்குப் போனார்?''

ஒருவர் 'பம்பாய்' என்பார். இன்னொருவர் யோசித்து 'நாக்பூர்' என்பார். மூன்றாமவர் மேலதிகாரியைப் பார்த்து முழிப்பார். மேலதிகாரி செல்போனை எடுப்பார்.

சரியான விடை: எந்தத் தொகுதியிலும் இல்லை!

1952-ல் நின்றார், தோற்றார். 1954-ல் இடைத்தேர்தலில் நின்றார், அதிலும் தோற்றார். இந்தியாவில் இருபத்தொரு வயசு ஆன எல்லோருக்கும் (இப்போது பதினெட்டு) ஓட்டு உண்டு என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரை, அந்த ஓட்டே ரெண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது.

குமாரலிங்கபுரம் டீக்கடையில் இந்த விஷயத்தைச் சொன்னபோது, கடைக்கார அண்ணாச்சி டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

''என்ன தம்பி சொல்றீக! சட்டம் எழுதுன மனுசனையேவா?''

''ஆமா அண்ணாச்சி.''

''எத்தனை ஓட்டுல?''

''பதினாலாயிரத்து ஐநூத்தி அறுபத்தொண்ணு.''

''பார்லிமென்ட்டுக்கு அது ஒரு ஓட்டா? கை நீட்டுனா எட்டுற தூரமாச்சே. யாரு காலை வாரி விட்டது?''

யார் காலையும் யாரும் வாரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நம்பரைப் பார்த்தால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் கை சும்மா இருக்காது. அப்படிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம்!

முதலில் வேட்பாளரைப் பற்றி ரெண்டு வார்த்தை.

தண்ணீரின் அருமையை நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். கண்மாய் பெருகுகிற வருஷம்தான் தீபாவளி.

இதே மாதிரி ஒரு தண்ணீர்ப் பிரச்னைதான் அம்பேத்கரை ஊரறிய வைத்தது. பம்பாய் மாகாணத்தில் மகாட் என்கிற ஊர். அங்கே சவுதார் குளம். எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்று நகராட்சி தீர்மானமே போட்டிருந்தது. ஆனால் தீர்மானம் காகிதத்தில். குளம் மற்றவர்கள் கையில். ஆடு மாடு குடிக்கலாம், 'தீண்டத்தகாதவர்' குடிக்கக் கூடாது!

1927 மார்ச் 20. ஊர்வலமாகப் போய், அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். பின்னாலேயே கூட்டமும் குடித்தது. அடிதடி நடந்தது. குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 'இது பொதுக்குளம்தான்' என்று பம்பாய் ஹைகோர்ட் சொன்னபோது வருஷம் 1937.

ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம். இந்தப் பொறுமைதான் அந்த வக்கீலின் முதலீடு.

பூனாவில் போட்ட கையெழுத்து

அடுத்த காட்சி 1932. ஓட்டுக் கணக்கின் ஆரம்பமே இங்கேதான்.

லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரும், நம்ம ஊர் இரட்டைமலை சீனிவாசனும் ஒரு கோரிக்கை வைத்தார்கள். 'எங்கள் மக்களுக்குத் தனித் தொகுதி வேண்டும். அதில் எங்கள் ஆள் நிற்பார். ஓட்டும் நாங்களே போட்டுத் தேர்ந்தெடுப்போம்.' பிரிட்டிஷ் அரசு 1932 ஆகஸ்ட்டில் சரி என்றது.

காந்திஜி எரவாடா ஜெயிலில் இருந்தார். 'இது இந்து சமூகத்தை ரெண்டாகப் பிளக்கும்' என்று சொல்லி, செப்டம்பர் 20-ம் தேதி சாகும்வரை உண்ணாவிரதம் ஆரம்பித்தார். நாடே கதி கலங்கியது. அம்பேத்கர் மேல் நெருக்கடி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 24-ம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் பக்கத்தில் இருந்து இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒப்பந்தத்தின் சாரம் இதுதான். மாகாண சபைகளில் 71 இடங்களுக்குப் பதில் 148 இடங்கள். ஆனால் கடைசியில் ஓட்டுப் போடுவது எல்லோரும்!

இடம் டபுள் ஆனது. சாவி கை மாறியது.

இது ஏன் பெரிய விஷயம்? குமாரலிங்கபுரத்தை வைத்தே ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஊரில் நூறு ஓட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒதுக்கீடு பெற்ற சமூகத்துக்கு 20 ஓட்டு. மற்றவர்களுக்கு 80. ஒதுக்கப்பட்ட அந்த ஒரு நாற்காலிக்கு அதே சமூகத்தைச் சேர்ந்த ரெண்டு பேர் போட்டி. முதலாமவர் அந்த மக்களின் தலைவர். 20 ஓட்டும் அப்படியே அவருக்குத்தான். இரண்டாமவருக்குத் தன் தெருவில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது. ஆனால் மற்ற 80-ல் 25 பேர் அவருக்குப் போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் அந்த நாற்காலிக்கு யாருக்குமே போடவில்லை.

முடிவு: 25-க்கு 20. இரண்டாமவர் ஜெயித்தார்!

நாற்காலி என்னமோ அந்தத் தெருவுக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்தது அந்தத் தெரு இல்லை.

'இப்படி ஆகும்' என்று அம்பேத்கர் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது வருஷம் கழித்து, அவரே அந்தக் கணக்கில் ஒரு நம்பர் ஆனார்.

மந்திரி பதவிக்கு ஒரு ராஜினாமா

சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட மந்திரி அம்பேத்கர். அவர் காங்கிரஸ்காரர் இல்லை. 1946-ல் வங்காளத்தில் இருந்து அரசியல் நிர்ணய சபைக்கு வந்தவர், பிரிவினையால் அந்த இடத்தை இழந்தார். 1947-ல் பம்பாயில் இருந்து அவரை மறுபடி உள்ளே கொண்டுவந்தது காங்கிரஸ்தான்.

பிறகு இந்து சட்ட மசோதா வந்தது. பெண்ணுக்கும் சொத்து, பெண்ணுக்கும் விவாகரத்து உரிமை. சபையில் எதிர்ப்பு கிளம்பியது. மசோதா இழுத்துக்கொண்டே போய்க் கிடப்பில் விழுந்தது. 1951 செப்டம்பர் 27-ம் தேதி அம்பேத்கர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மசோதா விவகாரம் முக்கியமான காரணம். வேறு வருத்தங்களும் இருந்தன.

நம்மில் எத்தனை பேர் ஒரு இன்க்ரிமென்ட்டுக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம்? அவர் மந்திரி பதவியை விட்டுவிட்டு, அறுபது வயசில், சர்க்கரை வியாதியோடு, தேர்தலில் நிற்கக் கிளம்பினார்.

ஒரு ஆளுக்கு ரெண்டு சீட்டு!

அந்த முதல் தேர்தலே ஒரு திருவிழா. 17 கோடிக்கும் மேல் வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப்பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். முத்திரை குத்துகிற வேலையெல்லாம் கிடையாது. சீட்டைப் பிடித்த பெட்டியில் போட வேண்டியதுதான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. மொத்தம் 489 இடங்கள், ஆனால் தொகுதிகள் 401 மட்டுமே! 86 தொகுதிகள் 'இரட்டை உறுப்பினர்' தொகுதிகள். ஒரு தொகுதிக்கு மூன்று பேர். இரட்டைத் தொகுதியில் ஒரு இடம் பொது, இன்னொன்று ஒதுக்கீடு. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ரெண்டு சீட்டு. ரெண்டையும் வெவ்வேறு பெட்டியில் போட வேண்டும். ஒரே பெட்டியில் ரெண்டையும் போட்டால் ஒன்று செல்லாது.

வடக்கு பம்பாய் அப்படி ஒரு இரட்டைத் தொகுதி. அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷனுக்குச் சின்னம் யானை. சோஷலிஸ்ட் கட்சியோடு கூட்டணி. பொது இடத்துக்கு சோஷலிஸ்ட் அசோக் மேத்தா, ஒதுக்கீட்டு இடத்துக்கு அம்பேத்கர். எதிரே காளைச் சின்னத்தில் காங்கிரஸின் வி.பி.காந்தியும் நாராயண் கஜ்ரோல்கரும். கம்யூனிஸ்ட் பக்கம் எஸ்.ஏ.டாங்கே.

கஜ்ரோல்கரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்தான். ஆனால் அம்பேத்கர் பெயரோடு ஒப்பிட்டால் வெளியூரில் அவரை அறிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

1952 ஜனவரியில் ஓட்டு எண்ணினார்கள்.

கஜ்ரோல்கர்: 1,38,137.

அம்பேத்கர்: 1,23,576.

யானை சரிந்தது.

இப்போது கூட்டிக் கழிப்போம்

இனிமேல்தான் பி.காம். வேலை.

அம்பேத்கரின் கூட்டாளி அசோக் மேத்தா வாங்கியது 1 லட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம். அவரும் தோற்றார். ஆனால் அம்பேத்கரைவிட 16 ஆயிரத்துச் சொச்சம் அதிகம். ரெண்டு பேரும் ஒரே மேடை, ஒரே கூட்டணி, வாக்காளர் கையில் ரெண்டு சீட்டு. மேத்தாவுக்கு ஒன்று போட்டவர்கள் எல்லோரும் அம்பேத்கருக்கு இன்னொன்று போட்டிருந்தால்?

தோற்ற வித்தியாசம் 14,561. கூட்டாளிக்கு விழுந்து இவருக்கு விழாதது குறைந்தபட்சம் 16 ஆயிரம்!

'சோஷலிஸ்ட்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள்' என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். காங்கிரஸ் பக்கத்துப் பேரேட்டையும் புரட்டுங்கள். வி.பி.காந்திக்கு 1 லட்சத்து 49 ஆயிரம். அதே கட்சியின் கஜ்ரோல்கருக்கு 1 லட்சத்து 38 ஆயிரம். அங்கேயும் 11 ஆயிரம் துண்டு விழுகிறது!

அதாவது ரெண்டு கூட்டணியிலும், பொது வேட்பாளரைவிடப் பட்டியல் சாதி வேட்பாளருக்கு ஓட்டுக் குறைவு. காரணம் சாதிதானா, சீட்டைப் போடுவதில் குழப்பமா என்று பெட்டியைக் கேட்டால் சொல்லாது. ஆனால் ரெண்டு பேரேட்டிலும் ஒரே பக்கத்தில் துண்டு விழுந்தால், ஆடிட்டர் அதை அடிக்கோடு போடாமல் விடமாட்டார்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 74 ஆயிரத்துக்கும் மேல் சீட்டுகள் செல்லாதவை ஆகிவிட்டன. 'ரெண்டாவது ஓட்டை வீணடியுங்கள் என்று கம்யூனிஸ்ட்கள் பிரசாரம் செய்தார்கள்' என்பது அம்பேத்கர், மேத்தா இருவரின் குற்றச்சாட்டு. தேர்தல் மனு போட்டார்கள். தள்ளுபடி ஆனது. மகாட் குளத்துக்கு நியாயம் சொன்ன அளவுக்கு இந்த வழக்கு அவருக்குக் கை கொடுக்கவில்லை.

பண்டாராவில் மறுபடியும்

அதே 1952-ல் பம்பாய் மாநிலத்தில் இருந்து ராஜ்யசபாவுக்குப் போனார் அம்பேத்கர். எம்.எல்.ஏ.க்கள் ஓட்டில் கிடைத்த இடம். 'சரி, எம்.பி. ஆயாச்சே' என்று நாமாக இருந்தால் உட்கார்ந்திருப்போம். அவருக்கு மக்கள் ஓட்டில் ஜெயிக்க வேண்டும்.

1954-ல் பண்டாரா தொகுதியில் இடைத்தேர்தல். அதுவும் இரட்டைத் தொகுதி. மறுபடி அதே ஜோடி: பொது இடத்துக்கு அசோக் மேத்தா, ஒதுக்கீட்டு இடத்துக்கு அம்பேத்கர்.

இந்தத் தடவை மேத்தா ஜெயித்தார்.

அம்பேத்கர் தோற்றார். காங்கிரஸின் பாவ்ராவ் போர்க்கரிடம், எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில்.

வடக்கு பம்பாயில் ரெண்டு பேரும் சேர்ந்து தோற்றார்கள். அதைக் காங்கிரஸ் அலை என்று சொல்லிவிடலாம். பண்டாராவில் அந்தச் சமாதானத்துக்கும் வழியில்லை. ஒரே கூட்டணி, ஒரே நாள், ஒரே தொகுதி. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.

இரட்டைத் தொகுதி முறைக்கு அப்புறம் ஆயுசு அதிகம் இல்லை. முடிவு வந்த விதம் ஒரு வேடிக்கை. 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் வி.வி.கிரி நின்றார், பிற்பாடு ஜனாதிபதி ஆனாரே, அவர்தான். அங்கே பழங்குடி வேட்பாளர்கள் ரெண்டு பேருமே அவரைவிட அதிக ஓட்டு வாங்கி, ஒதுக்கீட்டு இடம், பொது இடம் ரெண்டையும் பிடித்துவிட்டார்கள். கிரி சுப்ரீம் கோர்ட் வரை போனார். 'ஜெயித்தது ஜெயித்ததுதான்' என்று 1959-ல் தீர்ப்பு. 1961-ல் சட்டம் கொண்டுவந்து இரட்டைத் தொகுதியையே ஒழித்துவிட்டார்கள். அதற்கப்புறம் தனித் தொகுதி தனி, பொதுத் தொகுதி தனி.

ஆனால் பழைய கேள்வி போகவில்லை. தனித் தொகுதியில் நிற்பவர்தான் பட்டியல் சாதி. ஓட்டுப் போடுவது எல்லோரும். அம்பேத்கருக்கு இது தெரியும். 1955-ல் அவருடைய கட்சியே 'சட்டசபை, பார்லிமென்ட்டில் ஒதுக்கீட்டு இடங்கள் வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்று தீர்மானம் போட்டது. (வேலையில், படிப்பில் உள்ள இட ஒதுக்கீட்டைச் சொல்லவில்லை. ஆபீஸில் சண்டையை ஆரம்பித்துவிடாதீர்கள்!) எங்கள் ஓட்டால் வராத ஆள் எங்களுக்காக எப்படிப் பேசுவார் என்பதுதான் அதன் அர்த்தம்.

அமெரிக்காவிலும் இதே பாடம் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி எடுக்கிற கூலிப்பெண்ணாக இருந்த ஃபேனி லூ ஹேமர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்கே தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டார். 1964-ல் அவர் காங்கிரஸ் உறுப்பினர் பதவிக்கு, கட்சியின் உள் தேர்தலில் நின்றார். தோற்றார். அவருடைய ஆட்களில் பெரும்பாலோருக்கு அன்றைக்கு ஓட்டே கிடையாது, எப்படி ஜெயிப்பது? அடுத்த வருஷம் அமெரிக்காவில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அவர் ஆட்களிடம் ஓட்டு இல்லை. அம்பேத்கர் ஆட்களிடம் ஓட்டு இருந்தது, எண்ணிக்கை இல்லை.

நம்ம ஊர்ப் பக்கம்...

'அதெல்லாம் அறுபது எழுபது வருஷத்துப் பழைய கதை சார்' என்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள்.

1996. பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு வந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்; நம்ம விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். நாலு ஊரிலும் தலைவர் நாற்காலி தலித்துகளுக்கு.

பத்து வருஷம் அந்த நாற்காலியில் யாரும் நிலைத்து உட்கார முடியவில்லை. ஒரு தடவை மனுத் தாக்கல் செய்ய ஆளே வராது. இன்னொரு தடவை ஒருவர் ஜெயிப்பார். பதவியேற்ற கையோடு ராஜினாமாவும் கொடுத்துவிடுவார். தேர்தல் செலவு அரசாங்கத்துக்கு, நாற்காலி தூசிக்கு! 2006 அக்டோபரில்தான், அரசாங்கமும் கட்சிகளும் இயக்கங்களும் பேசிப் பேசி, ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

அந்தப் பத்து வருஷத்துக்கு நடுவில்தான், 1997 ஜூன் 30-ம் தேதி, மேலூர் பக்கம் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த குற்றம், ஒதுக்கீட்டு நாற்காலிக்கு நின்று ஜெயித்தது. அம்பேத்கருக்குத் தோல்வியோடு போயிற்று. இங்கே ஜெயித்ததற்கு உயிர் போனது.

இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. வரவும் கூடாது.

வரவு எவ்வளவு? செலவு எவ்வளவு?

கணக்கை முடிக்கும் முன் வரவுப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

எந்த மசோதாவுக்காக அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டாரோ, அது துண்டு துண்டாக 1955, 1956-ல் சட்டம் ஆனது. திருமணச் சட்டம், வாரிசுச் சட்டம் எல்லாம் அதில் வந்தவைதான். உங்கள் தங்கச்சி நாளைக்கு 'அண்ணே, அப்பா சொத்துல என் பங்கு?' என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அதன் வேர் அங்கே போகிறது. 1956 டிசம்பர் 6-ம் தேதி அவர் காலமானார். மக்கள் ஓட்டில் ஜெயித்து லோக்சபாவில் உட்காரும் ஆசை மட்டும் கடைசி வரை நிறைவேறவில்லை.

இப்போது லோக்சபாவில் பட்டியல் சாதியினருக்கு 84 இடங்கள் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் ஏழு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஓட்டுப் போடுகிற தென்காசி அதில் ஒன்று. அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு விருதுநகர், திருச்சுழிக்காரர்களுக்கு ராமநாதபுரம். ரெண்டும் பொதுத் தொகுதி. ஆனால் பஞ்சாயத்து, நகராட்சி வார்டுகளில் ஒதுக்கீடு சுற்றிச் சுற்றி வரும். ஒருநாள் உங்கள் வார்டுக்கும் வரும்.

'நம்ம வார்டு ரிசர்வ் ஆயிடுச்சாம்ப்பா, இந்தத் தடவை நமக்கு என்ன இருக்கு?' என்று அன்றைக்கு யாராவது உதட்டைப் பிதுக்குவார்கள். நிறையப் பேர் ஓட்டுப் போடவே போகமாட்டார்கள். இன்னும் சிலர், 'நாம சொன்னா கேக்குற ஆளாப் பார்த்து நிறுத்துவோம்' என்று கணக்குப் போடுவார்கள்.

1952-ல் வடக்கு பம்பாயில் ரெண்டாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கும் இதே மூன்று வழிதான் இருந்தது. வீணடிக்கலாம். நமக்கு வசதியான ஆளுக்குப் போடலாம். அல்லது அந்த மக்கள் யாரைத் தங்கள் ஆள் என்று நினைக்கிறார்களோ, அவருக்குப் போடலாம்.

மூன்றாவது வழியில் போனவர்கள் பதினைந்தாயிரம் பேர் குறைந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது உங்களிடம் ரெண்டு சீட்டு இல்லை, ஒரு பட்டன்தான். அழுத்துகிற விரல் உங்களுடையது. அழுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்தத் தெருவுக்குப் போய், ''உங்க ஆள் யாருங்க?'' என்று கேட்டுவிட்டு வாருங்கள்.